ஜேக்கப் ஹிக்ஸ் அவர்களின் இனிஷியல்

என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சட்டென்று பதில் வராது. வெள்ளைக்காரர்களுக்குத் தகப்பன் கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை என்று உள்ளதை உள்ளபடி சொன்னால், கேட்டவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். கல்யாணம் பேசும்போது என் மாமனாரிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித்தான் வைத்திருந்தார்கள். உண்மை தெரிந்தபோது அவர் கோபப்படவில்லை. உக்கடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மருமகன் இங்கிலீஷ்காரங்களுக்கு அத்தா தேடறாரு. இன்னும் சில பேருக்குக் கெடைக்கலையாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சீமையில் மனிதர்களுக்கு வயதாகிவிட்டால் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. தாத்தாவுக்குத் தாத்தா யார், அவருடைய தகப்பனார் யார் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களே தேடி அலுத்துப் போனால் லண்டனில் ஒரு கம்பெனியிடம் கொடுப்பார்கள். லண்டன் கம்பெனி அதைக் கோயமுத்தூருக்கு அனுப்பும். காந்திபுரத்தில் ஒரு கிரைண்டர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே வாடிக்கையாளருக்கு ஆட்டிக் காட்டுகிற உளுந்து மாவின் வாசனையில்தான் நாங்கள் விக்டோரியா ராணி காலத்து ஜனங்களோடு குடித்தனம் நடத்தினோம். மற்ற கம்பெனிகளில் அமெரிக்காக்காரன் விழித்திருக்கும் நேரத்துக்கு ஷிப்ட் போடுவார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் என்பதால் எங்களுக்கு ஒன்பதரைக்கு வந்து ஆறு மணிக்குப் போகிற பகல் வேலைதான்.

போன மாதம் ஸ்டெல்லா போன் செய்தாள். கொடுமுடிப் பக்கத்துப் பெண். என்னோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், இப்போது அந்த அலுவலகத்துக்கே தலைமை.

"பாய், நல்லாருக்கீங்களா? புது மெசினு ஒண்ணு வந்துருக்குதுங்க. நாம வாரக்கணக்குல தேடறத அது கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சுப்போடுது. ஆனா நம்ம பழைய புரோகிராமுக்குள்ள வந்தா அங்கங்க நின்னுக்குதாமா. ஏன்னு பாத்தா, பங்காளின்னு ஒரு விதி இருக்குது, அது நிறுத்துதுன்னு லண்டன்ல இருந்து கேக்கறாங்க. எடுத்துப்போடட்டுமான்னு வேற."

"நீதான் அன்னைக்குப் பக்கத்துலயே இருந்தியேம்மா. சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேனுங்க. தமாசு பண்றேன்னு நெனைச்சுட்டாங்க. நீங்க மொதல்ல இருந்து முழுசா எழுதிக் குடுங்க பாய். நான் இங்கிலீசுல மாத்தி அனுப்பிக்கறேன்."

ஆகவே எழுதுகிறேன். லண்டன்காரர்கள் நம்பினால் நம்பட்டும்.

எங்கள் பயிற்சி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லண்டனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பாதிரியார்களின் கோழிக்கிறுக்கல் எழுத்தை எப்படிப் படிப்பது, மாதாகோயில் ஏடுகளில் ஞானஸ்நானம் எங்கே, கல்யாணம் எங்கே, சாவு எங்கே என்று காட்டினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பார்கள் என்று அவர்கள் படம் போட்டு விளக்கியபோது, "எங்க கோயில்ல ஓலை வாசிக்கறதுதானுங்க" என்று ஸ்டெல்லா சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். ஊட்டிக்கு ஒருநாள் போனார்கள், திரும்பி விமானம் ஏறினார்கள். அதற்குப் பிறகு எங்களைக் கட்டி மேய்த்தது தங்கமுத்து சார்தான்.

தங்கமுத்து சாருக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர். அந்த மிஷின்களின் காலம் முடிந்ததும் கோயமுத்தூர் வந்து இந்த வேலைக்கு மேலாளர் ஆனார். அவருக்கு இங்கிலாந்தின் சரித்திரம் ஒரு வரிகூடத் தெரியாது. ஆனால் ஈரோடு ஜில்லாவில் எந்த மனிதர் பேரைச் சொன்னாலும், அவர் எந்தக் கூட்டம், குலதெய்வம் எங்கே, பெண் எடுத்தது எந்த ஊரில், கொடுத்தது எந்த ஊரில் என்று மூச்சுவிடாமல் சொல்வார். அவர் சொந்தத்தில் எந்தக் கல்யாணமும் அவரிடம் கேட்காமல் நிச்சயம் ஆனதில்லை. லண்டன் ஆட்கள் இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று இரண்டு மணி நேரம் பேசி முடித்ததும் அவர் தலையாட்டி, "பொண்ணு பாக்கறதுக்கு முன்னால நாம விசாரிப்பமுல்லங்க, அதேதானுங்க" என்றார். அவர்களும் தலையாட்டினார்கள்.

அவருடைய முறை இதுதான். ஒரு பழைய ஆளைப் பற்றிப் பேர், ஊர், தொழில் மூன்றும் ஒத்து வர வேண்டும். மூன்றும் வந்தால் முழு ஆள். இரண்டு வந்தால் பாதி ஆள். பாதி ஆளை வைத்துக்கொண்டு அறிக்கை எழுதினால், "இந்த மாப்பிள்ளைக்கு உங்க ஊட்ல பொண்ணு குடுப்பீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு யாரும் ஆமாம் என்று சொன்னதில்லை.

இன்னும் சில விதிகள் உண்டு. இறப்புப் பதிவை எழுதும்போது ஒரு நொடி எழுந்து நின்றுவிட்டுத்தான் எழுத வேண்டும். காலராவில் ஒரு கிராமமே போன வருஷம் வந்தால் அந்த நாள் முழுக்க நாங்கள் உட்கார்ந்து எழும்புவதிலேயே போய்விடும். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்தவர்களை ஏட்டில் பாதிரியார்கள் கண்டபடி எழுதியிருப்பார்கள். அந்த வார்த்தைகளை வாயால் சொல்லக்கூடாது, "சாமி குடுத்த புள்ளை" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்தவர் யாராக இருந்தாலும் அறிக்கையில் பேருக்குப் பின்னால் 'அவர்கள்' போட வேண்டும். நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலத்தில் ஏ, வி, எல் என்று சுருக்கிப் போடுகிறோமே, அப்படி. சாக்கடை அள்ளியவர், தூக்கில் தொங்கியவர், எல்லாருக்கும் ஏவிஎல் உண்டு.

"செத்தவிய திருப்பிக் கேக்கமாட்டாங்கன்னு மட்டு மரியாதையில்லாம எழுதலாமுங்களா?" என்பார்.

லண்டனில் அதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்தாலும் இந்தியக் கணினியின் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார்கள்.

இனி பங்காளிக்கு வருகிறேன். தங்கமுத்து சாரின் ஜனங்களில் ஒரே கூட்டத்தை, அதாவது ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள். முன்னப்பின்ன பார்த்திராதவர்களாக இருந்தாலும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் என்பதை நினைத்துப் பார்க்கக்கூட மாட்டார்கள். வெள்ளைக்காரர்களின் குடும்பப் பெயரைப் பார்த்ததும் அவர் மனதுக்குள் அது கூட்டம் ஆகிவிட்டது. ஸ்மித் கூட்டம், டெய்லர் கூட்டம், உட் கூட்டம். ஆகவே ஒரு கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தால், படித்தவன் தப்பாகப் படித்திருக்கிறான் அல்லது ஆள் மாறிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். புரோகிராம் எழுதுகிற பையனைக் கூப்பிட்டு, அப்படிப்பட்ட கல்யாணங்கள் எதிர்ப்பட்டால் தானாகவே தள்ளிவிடும்படி ஒரு விதி எழுதச் சொன்னார். அந்தப் பையனும் சங்கோஜமில்லாமல் அதற்குப் பங்காளி என்றே பேர் வைத்தான். அன்றிலிருந்து இங்கிலாந்தில் நடந்த கல்யாணங்களில் ஒரு பகுதி காந்திபுரத்தில் ரத்தாகிக்கொண்டே வந்தது.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்த அறையில் இருந்த யாருக்கும் இது விநோதமாகத் தோன்றவில்லை. ஸ்டெல்லாவுக்கும் தோன்றவில்லை, அவர்கள் பக்கமும் பங்காளி முறை உண்டு. எனக்கும் தோன்றவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஜேக்கப் ஹிக்ஸ் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

தேடச் சொன்னது டோரத்தி ஹிக்ஸ் என்கிற அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளாதவர், எண்பதைத் தாண்டியவர். ஜேக்கப் அவருடைய கொள்ளுத்தாத்தா. ஞானஸ்நான ஏட்டில் தாய் பேர் சாரா ஹிக்ஸ் என்று இருந்தது, தகப்பன் இடம் காலி. ஆக, சாமி குடுத்த புள்ளை. அந்த அம்மாள் கேட்டிருந்தது ஒரே ஒரு பேர்.

எங்கள் அலுவலகத்தில் ஜேக்கப்பின் மேல் எல்லாருக்கும் ஒரு பரிதாபம் வந்துவிட்டது. காரணம் இனிஷியல். நம்மூரில் இனிஷியல் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர முடியாது, சிலிண்டர் வாங்க முடியாது, செத்தால் போஸ்டர்கூட ஒட்ட முடியாது. ஒரு மனிதர் எழுபது வருஷம் இனிஷியல் இல்லாமல் வாழ்ந்து முடித்திருக்கிறார் என்பதை எங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஸ்டெல்லா அவருக்காக ஜெபம்கூடச் செய்தாள்.

தேடினோம். ஜேக்கப் வேறு ஜில்லாவுக்குப் போய் அங்கே கல்யாணம் செய்திருந்தார். அந்தப் பதிவில் தகப்பன் பேர் என்ற இடத்தில் 'வில்லியம் ஹிக்ஸ், இடையர்' என்று இருந்தது. நான் உடனே அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன். தங்கமுத்து சார் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பாய், சாராம்மாவோட அப்பா பேரென்னங்க?"

"வில்லியம் ஹிக்ஸ் சார்."

"அவ்வளவுதானுங்க. அப்பா பேர் தெரியாத புள்ளை, கல்யாணத்துல மானத்தைக் காப்பாத்தத் தாத்தா பேரச் சொல்லிப்போடும். லண்டன்காரங்களே சொல்லிக் குடுத்தாங்கல்ல."

"தாத்தா செருப்புத் தைக்கிறவருங்க. இதுல இடையர்னு இருக்குதுங்களே."

"வயசான காலத்துல ஆடு மேய்ச்சிருப்பாரு. நம்மூர்லயும் மேய்க்கறாங்களே."

ஜேக்கப் பிறந்து இரண்டு வருஷம் கழித்து அதே கோயிலில் சாரா ஹிக்ஸ் என்கிற பெண் வில்லியம் ஹிக்ஸ் என்கிற இடையரைக் கல்யாணம் செய்திருந்தாள். அது எங்கள் கண்ணில் படவே இல்லை. பங்காளி விதி அதை முன்பே ஒதுக்கித் தள்ளியிருந்தது. தகப்பன் பேர் தெரியவில்லை என்று அறிக்கை எழுதி, ஜேக்கப் ஹிக்ஸ் ஏவிஎல் என்று தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டோம்.

சில மாதம் கழித்து லண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. டோரத்தி அம்மாள் வயதானவர்கள் கூட்டம் ஒன்றோடு ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறார், கீழே இறங்கும் வழியில் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடியவர்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று. வாடிக்கையாளர் ஒருவர் உயிரோடு எங்கள் மாடிப்படி ஏறி வருவது அதுதான் முதல் தடவை. தங்கமுத்து சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சால்வை வாங்கினார், பூமாலை வாங்கினார், மாலை வேண்டாம் என்று ஸ்டெல்லா சொன்னதால் அதைப் பிள்ளையார் படத்துக்குப் போட்டார். கிரைண்டர் கடைக்காரரிடம் போய், அம்மா இருக்கிற வரைக்கும் மாவு ஆட்டாதீங்க என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் ஒல்லியாக, உயரமாக, கைத்தடியோடு வந்தார். சால்வையை வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். இளநீரைக் குடித்து முடித்ததும் பையிலிருந்து எங்கள் அறிக்கையை எடுத்தார்.

"முதலில் ஒரு சந்தேகம். இந்த ஏவிஎல் என்பது என்ன பட்டம்? என் அண்ணன் எட்வர்டு கேட்கச் சொன்னான்."

தங்கமுத்து சார் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். பட்டம் இல்லை, மரியாதை, எல்லாருக்கும் போடுவோம் என்றேன்.

"கூலிக்காரருக்குமா?"

"கூலிக்காரருக்கும்தான்."

அவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "என் அண்ணனிடம் நான் இதைச் சொல்லப் போவதில்லை. நம் வம்சத்தில் ஒருவராவது படித்திருக்கிறாரே என்று முதியோர் இல்லம் முழுக்கச் சொல்லிவிட்டான்" என்றார்.

அதன் பிறகு எதற்காக வந்தார் என்பதைச் சொன்னார். அவருடைய தாத்தா தன் தகப்பன் ஜேக்கப்புக்குக் கல்லறைக் கல் வைத்தபோது, 'சாராவுக்கும்' என்று செதுக்கிவிட்டு, ஒரு பேர் அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டு, 'பிறந்த மகன்' என்று முடித்திருக்கிறார். ஜேக்கப் உயிரோடு இருந்தவரை ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்: என் அம்மாவும் ஹிக்ஸ், என் அப்பாவும் ஹிக்ஸ், அப்பா பேர் வில்லியம், நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் பனியில் அகப்பட்டுச் செத்துப்போனார். அதை யாரும் நம்பவில்லை. தாத்தா பேரைச் சொல்லிச் சமாளிக்கிறார் என்று பெற்ற பிள்ளைகளே நினைத்தார்கள். கல்லில் பொய்யைச் செதுக்க மனம் இல்லாமல் இடம் விட்டுவிட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் எட்வர்டுக்கு இடம் வாங்கி வைத்திருக்கிறது. அந்தக் காலி இடம் நிரம்பாமல் அதன் பக்கத்தில் போய்ப் படுக்க மாட்டேன் என்று கிழவர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இப்போது இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, அதிக நாள் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்றார். அழவில்லை. கைத்தடியின் பிடியை மட்டும் திருகிக்கொண்டிருந்தார்.

தங்கமுத்து சாருக்கு மனசு கேட்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதையாவது மரியாதையாக விளக்க வேண்டும் என்று நினைத்தார். மேஜையில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களை இழுத்து வைத்தார். அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"இந்த டம்ளர் ஹிக்ஸ் கூட்டமுங்கம்மா. இந்த டம்ளரும் ஹிக்ஸ் கூட்டம். இவிய ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறை. பங்காளிங்க. பங்காளிக்குள்ள கல்யாணம் ஆகாதுங்க. அதனால உங்க கொள்ளுத்தாத்தா சொன்னது எப்படி நெசமாகுமுங்க?"

டோரத்தி அம்மாள் டம்ளர்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏன் ஆகாது? எங்கள் கிராமத்தில் பாதிப்பேர் ஹிக்ஸ். என் அப்பாவும் ஹிக்ஸ், என் அம்மாவும் பிறந்த வீட்டில் ஹிக்ஸ்தான்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். தங்கமுத்து சார் அசையவில்லை. வந்திருப்பவர் வயதில் பெரியவர், அவருடைய தாய் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, "பாய், அப்படியெல்லாம் ஒலகத்துல உண்டுங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

"உண்டுங்க சார். எங்க அத்தாவும் அம்மாவும் அண்ணன் தம்பி புள்ளைங்கதானுங்க."

எங்கள் ஜனங்களில் எல்லார் வீட்டிலும் அப்படிச் செய்வதில்லை. எங்கள் வீட்டில் நடந்திருந்தது. தங்கமுத்து சார் ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த அம்மா கையால் பிரியாணி சாப்பிட்டு, அந்த அத்தாவோடு அரை நாள் பேசிவிட்டுப் போகிறவர்.

"நெசமாவா?"

"நெசந்தானுங்க."

"இத்தன வருசமாச் சொல்லவே இல்லீங்களே பாய்."

"நீங்க கேக்கலீங்களே சார்."

அதுதான் எங்கள் அலுவலகத்தின் அதிசயம். என் சொந்தத் தாய் தகப்பன் கல்யாணமே அந்த விதிப்படி ரத்து. நான் தினமும் அந்த விதியைப் போட்டு, பெயர் தெரியாத எத்தனையோ கல்யாணங்களை ஒதுக்கிவிட்டு, சாயந்திரம் பஸ் பிடித்து அவர்கள் இருவரும் இருக்கிற வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை. வேலை வேறு, வீடு வேறு என்று இருந்துவிட்டேன்.

தங்கமுத்து சார் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "எத்தன பேரைத் தகப்பனில்லாத புள்ளை ஆக்கிப்போட்டமோ" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்தார்.

"ஸ்டெல்லா கண்ணு, பங்காளிய நிறுத்து. ஹிக்ஸ் கல்யாணம் எல்லாத்தையும் வெளிய எடு. அம்மா கீழ எறங்கறதுக்குள்ள பாத்துப்போடலாம்."

அம்மாளை அழைத்துப் போகிற வேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சாரா ஹிக்ஸ், வில்லியம் ஹிக்ஸ், இடையர் என்று அந்தக் கல்யாணம் உடனே வந்து நின்றது. ஓலை மூன்று ஞாயிறும் வாசித்திருக்கிறார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று ஸ்டெல்லா படித்துச் சொன்னாள். பேர் வந்துவிட்டது, தொழில் வந்துவிட்டது.

"ஊரு?" என்றார் தங்கமுத்து சார். "பொறந்ததுக்கு ரெண்டு வருசம் கழிச்சுக் கட்டியிருக்காரு. புள்ளை அவரோடதுதான்னு எப்படிச் சொல்றது? அந்தச் சமயத்துல அவரு அந்த ஊர்ல இருந்தாருங்களா? பாதி ஆள வெச்சு அம்மாவ அனுப்ப முடியாதுங்க."

ஜேக்கப்புக்கு ஞானஸ்நானம் ஆனது கிறிஸ்துமஸுக்கு. அதே வருஷம் மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க ஜனத்தொகைக் கணக்கு எடுத்திருந்தார்கள். செருப்புத் தைக்கிற வில்லியம் வீட்டை நான் தேடி எடுத்தேன். வீட்டில் அவர், அவர் மனைவி, மகள் சாரா. அதற்குக் கீழே இன்னொரு வரி. வில்லியம் ஹிக்ஸ், வயது இருபத்திரண்டு, வீட்டுக்காரரின் அண்ணன் மகன், இடையர்.

நான் மார்ச்சிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் விரல் விட்டு எண்ணினேன். தங்கமுத்து சாரும் எண்ணினார். எண்ணி முடித்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"அம்மணிகளா, நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்று ஸ்டெல்லாவையும் மற்றப் பெண்களையும் வெளியே அனுப்பினார். "பாய், நீங்களே பதமாச் சொல்லுங்க. நான் அக்கட்டால திரும்பிக்கறேன்." சொன்னபடியே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான் ஆங்கிலத்தில் தெரிந்த மரியாதையான வார்த்தைகளை எல்லாம் தேடி, மேற்படி இருவரும் குறிப்பிட்ட காலத்தில் ஒரே கூரையின் கீழ் வசித்து வந்தார்கள் என்றேன். டோரத்தி அம்மாளும் விரல் விட்டு எண்ணினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்தும் நிற்கவில்லை.

"அவர் பொய் சொல்லவில்லை" என்றார். "எழுபது வருஷம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்."

அங்கே அப்போது காலை நேரம். முதியோர் இல்லத்துக்கு எங்கள் மேஜை போனிலிருந்தே கூப்பிட்டோம். எட்வர்டுக்குக் காது சரியாகக் கேட்காது. அந்த அம்மாள் மூன்று முறை சொல்லியும், "யார்?" என்ற குரல்தான் ஸ்பீக்கரில் வந்தது. நான் சொன்னேன், கேட்கவில்லை. தங்கமுத்து சார் ஜன்னலை விட்டு வந்து, "வில்லியமுங்க" என்று கத்தினார். டீ குடிக்கப் போனவர்கள் அதற்குள் கதவருகே வந்து நின்றிருந்தார்கள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிரைண்டர் கடையில் வேறு சத்தம் இல்லாததால், காந்திபுரம் மாடியிலிருந்து வில்லியம் ஹிக்ஸ் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து கத்தியது தெருவரை கேட்டிருக்கிறது. மாடியில் ஏதோ அடிதடி என்று நினைத்துக் கடைக்காரர் படியேறி வந்துவிட்டார்.

இந்தத் தடவை கிழவருக்குக் கேட்டுவிட்டது. அவர் குரல் மெதுவாக வந்தது.

"அப்படியென்றால் ஜேக்கப் சொன்னதுதானே." அடுத்து, "அவருக்கும் உண்டா, அந்தப் பட்டம்?" என்று கேட்டார்.

டோரத்தி அம்மாள் எங்களை நிமிர்ந்து பார்த்தார். நான் தங்கமுத்து சாருக்குச் சொன்னேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இருக்குதுங்க. அப்பா, பையன், ரெண்டு பேருக்குமே இருக்குதுங்க" என்று தமிழிலேயே சொன்னார். எட்வர்டுக்கு எப்படிப் புரிந்ததோ, நன்றி என்றார்.

அதற்கடுத்த நாட்களில் பழைய கோப்புகளை எல்லாம் தோண்டி எடுத்து, விதியால் தகப்பனை இழந்தவர்களுக்கெல்லாம் தகப்பனைத் திருப்பிக் கொடுத்தோம். லண்டனுக்கு அது புதிய ஆராய்ச்சி முறையின் பயன் என்று எழுதினோம். பாராட்டு வந்தது. புரோகிராம் எழுதுகிற பையன் பங்காளி விதியை அழித்துவிடட்டுமா என்று கேட்டான். தங்கமுத்து சார் வேண்டாம் என்றார்.

"அழிச்சா நாம பண்ணுனது மறந்துபோயிருமுங்க. தள்ளிப்போடறத மட்டும் எடுத்துப்போடு. அந்த எடத்துல கொஞ்சம் நிக்கட்டும். நின்னு, பக்கத்துல உக்காந்துருக்கறவங்களை ஒரு வார்த்த கேக்கட்டும்."

ஸ்டெல்லா, உன் மிஷின் நிற்பது அதனால்தான். லண்டன்காரர்களிடம் சொல், அது பழுது இல்லை. அதற்குப் பதில் சொல்ல அந்த இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் போதும், கிளம்பிவிடும். ஆளே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்றால் எடுத்துவிடச் சொல். ஆனால் தங்கமுத்து சார் இப்போது இல்லை என்பதால் அவருக்காகக் கேட்கிறேன், இருக்கட்டும் என்று ஒருமுறை சொல்லிப் பார்.

டோரத்தி அம்மாள் அடுத்த கோடையில் ஒரு புகைப்படம் அனுப்பினார். தங்கமுத்து சார் அதைக் கையில் வாங்கியதும் எழுந்து நின்றார். வழக்கம்போல ஒரு நொடியில் உட்காரவில்லை. பாசி படிந்த பழைய கல், அதன் பக்கத்தில் சக்கர நாற்காலியில் எட்வர்டு. போர்வை போர்த்தி, தொப்பி வைத்து, கல்லின் மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலி இடத்தில் புது எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. வில்லியம் ஹிக்ஸ் ஏவிஎல். மேலே ஜேக்கப்பின் பேருக்குப் பின்னாலும் நெருக்கியடித்து ஏவிஎல் சேர்த்திருந்தார்கள்.

கல் செதுக்க வந்தவர், இதென்ன மூன்று எழுத்து, நான் பார்த்ததே இல்லையே என்று கேட்டாராம். எட்வர்டு அவரிடம், "அது கோயமுத்தூரில் கொடுக்கிற பட்டம். சுலபத்தில் வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் தனக்கு வாங்கி வைத்திருக்கிற இடத்தைக் காட்டி, தன் கல்லிலும் அந்த மூன்று எழுத்துக்கு இடம் விடச் சொன்னாராம்.